இணை கிடைக்காதவர்கள்

ரெக்கார்டு ரூமில் மின்விசிறி போடக் கூடாது. கட்டு அவிழ்த்து வைத்த காகிதமெல்லாம் பறந்துவிடும். அந்த இரண்டு மாதமும் நானும் ரெக்கார்டு ரூம் அண்ணாவும் வியர்வையோடுதான் வேலை பார்த்தோம். மேற்கு மாவட்டம் ஒன்றில் நடுத்தர அளவுள்ள மருத்துவமனை அது. சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து சேர்ந்தவர்களின் கேஸ் ஷீட்டுகள் ஆண்டுவாரியாகச் சணல் கயிற்றில் கட்டப்பட்டு இரும்பு அலமாரியில் இருந்தன. சிலருக்கு வழக்கமான கட்டுப் போட்டிருந்தார்கள். சிலருக்கு வேக்கம் டிரெஸ்ஸிங்: புண்ணின்மேல் பஞ்சு வைத்து, காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியாகக் கசிவை உறிஞ்சி எடுக்கும் முறை. அதனால் கால் தப்புகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அங்கிருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் கேட்டிருந்தார். நான் புள்ளியியல் படித்தவள். இதுதான் என் தொழில்.

வேக்கம் போட்ட ஒருவரின் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வேன்: "ஆம்பளை, அறுபத்தொண்ணு வயசு, பதினஞ்சு வருஷமா சர்க்கரை, கட்டைவிரலுக்குக் கீழ புண்ணு, பீடி உண்டு, கிட்னி நல்லா இருக்கு. வேக்கம் போடாதவங்கள்ல இதே மாதிரி ஒருத்தர் வேணுங்கண்ணா."

அவர் ஏணியில் ஏறித் தேடுவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"இதே மாதிரி ஆளு எதுக்குங்க மேடம்?"

"இவருக்கு வேக்கம் போடாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியணுமில்லீங்களா."

"அது இவருக்கே தெரியாதுங்களே."

தெரியாதுதான். எவருக்கும் தெரியாது. ஒரே ஆள் ஒரே சமயத்தில் மருந்து எடுத்துக்கொண்டவராகவும் எடுத்துக்கொள்ளாதவராகவும் இருந்து காட்ட முடியாது. இவருக்கு நடக்காமல் போனதை இன்னொருவருக்கு நடந்ததிலிருந்து கடன் வாங்கத்தான் வேண்டும். யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு உண்மையாகவோ பொய்யாகவோ ஆகிறது.

திருவுளச்சீட்டு போட முடிந்தால் இந்தக் கவலை பாதி தீர்ந்துவிடும். வருகிறவர்களில் யாருக்கு வேக்கம், யாருக்குச் சாதாரணக் கட்டு என்பதைச் சீட்டே முடிவு செய்தால், வயது, வசதி, பீடி, மனத்தெம்பு என்று நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேரும். ஆனால் அந்த மருத்துவமனையில் சீட்டு போட்டவர் யாருமில்லை. புண் மோசமாக இருந்தவர்களுக்கு மருத்துவர் வேக்கம் எழுதியிருந்தார். பணம் கட்ட முடிந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள். இரண்டு கூட்டத்தையும் அப்படியே எடுத்து ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். சிகிச்சை அதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது.

இதே தேடல் 1948இல் லண்டனில் நடந்தது. நுரையீரல் புற்றுநோயால் சாகிறவர்களின் எண்ணிக்கை இங்கிலாந்தில் விடாமல் ஏறிக்கொண்டிருந்த காலம். புதிதாகப் போட்ட தார்ச் சாலைகளா, மோட்டார் வண்டிப் புகையா, சிகரெட்டா? காரணத்தைத் தேடிய ரிச்சர்டு டாலுக்கு முதலில் சந்தேகம் தார் மேல்தான். அவரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 20 மருத்துவமனைகளோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நோயாளிகளின் குடும்பநிலை, வசதி விசாரிப்பதைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் அங்கே உண்டு. ஆல்மனர் என்று பெயர். அப்படிப்பட்டவர்கள் கேள்வித்தாளோடு வார்டு வார்டாகப் போனார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவரிடம் கேட்டு முடித்தால், ஏறக்குறைய அதே நாட்களில், அதே மருத்துவமனையில், ஆணுக்கு ஆண் பெண்ணுக்குப் பெண்ணாக, அதே ஐந்து வயது வரம்புக்குள், புற்றுநோய் இல்லாத இன்னொருவரைக் கண்டுபிடித்து அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை வயதில் பிடிக்க ஆரம்பித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, நடுவில் விட்டதுண்டா, புகையை உள்ளே இழுப்பீர்களா.

709 நோயாளிகள், அவர்களுக்கு 709 இணைகள். ஆண்கள் மட்டும் 649 ஜோடி. அந்த 649 புற்றுநோயாளிகளில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர். இணைப் பக்கத்து 649 பேரில் 27 பேர். 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளிவந்தது. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

அவர்களுடைய அந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறு. கேள்வி கேட்ட ஆல்மனருக்கு எதிரில் படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்று பெரும்பாலும் தெரியும். தெரிந்தவர் புற்றுநோயாளியிடம் சற்று அழுத்திக் கேட்டு, மற்றவரிடம் மேலோட்டமாகக் கேட்டிருந்தால்? டாலுக்கும் ஹில்லுக்கும் இந்தப் பயம் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட சோதனை மிக அழகானது. நுரையீரல் புற்றுநோய் என்று நம்பிக் கேள்வி கேட்கப்பட்ட சிலருக்குப் பின்னால் அந்த நோய் இல்லை என்று தெரிந்தது. கேட்டவரின் மனச்சாய்வுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது என்றால், இவர்களும் புற்றுநோயாளிகளைப் போலவே அதிகம் புகைத்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி இல்லை. அவர்களுடைய புகைப்பழக்கம் புற்றுநோய் இல்லாதவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. தன் கணக்கைத் தானே சந்தேகித்து, அந்தச் சந்தேகத்துக்கு விடையையும் தன் ஏட்டிலிருந்தே எடுத்துவைப்பது பெரிய மனசு. எனக்கு அது இன்றும் கைகூடாத பாடம்.

வயதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் புள்ளியியலாளர் வில்லியம் காக்ரன் 1968இல் எடுத்துக்காட்டிய கனடா கணக்கைச் சொல்வேன். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று பார்த்தால், புகைக்காதவர்களில் 20.2, சிகரெட் பிடிப்பவர்களில் 20.5, சுருட்டும் பைப்பும் பிடிப்பவர்களில் 35.5. இதை மட்டும் பார்ப்பவர் சிகரெட்டால் ஒன்றுமில்லை, சுருட்டுதான் எமன் என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்த வரியில் சராசரி வயது இருக்கிறது. புகைக்காதவர்கள் 54.9, சிகரெட்காரர்கள் 50.5, சுருட்டுக்காரர்கள் 65.9. சுருட்டுப் பிடிப்பவர் கிழவர், அதனால் சாகிறார். சிகரெட் பிடிப்பவரோ புகைக்காதவரைவிட ஏறக்குறைய நான்கரை வயது இளையவர். இளையவராக இருந்தும் மூத்தவர் கணக்கில் சாகிறார். வயதை மூன்றே மூன்று அடுக்காகப் பிரித்து, அந்தந்த அடுக்குக்குள் மட்டும் ஒப்பிட்டதில் சிகரெட் 28.3க்கு ஏறியது, சுருட்டு 21.2க்கு இறங்கியது. இறந்தவர்கள் அதே ஆட்கள்தான், ஏட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யாரை யார் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதை மட்டும் மாற்றினார் காக்ரன். இப்படி ஐந்து அடுக்காகப் பிரித்தாலே அந்த ஒரு காரணியால் வரும் கோணலில் 90 சதவீதம் போய்விடும் என்றும் காட்டினார்.

சரி, வயதை ஒப்பவைத்தோம். கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வது? இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர் ரொனால்டு ஃபிஷர். திருவுளச்சீட்டைச் சோதனை அறிவியலுக்கு அடித்தளமாக ஆக்கியவரே அவர்தான். புகைக்கத் தூண்டும் ஒரு பிறவிக்கூறு, அதுவே புற்றுநோயையும் தரலாமே, சிகரெட்மேல் ஏன் பழி போடுகிறீர்கள் என்றார். அவர் பைப் பிடிப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஆனாலும் கேள்வி கேள்விதான். அதற்கு 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் தந்த பதில் இந்தத் துறையின் பொக்கிஷம். சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பது மடங்கையும் மறைந்திருக்கும் ஒரு கூறே உண்டாக்குகிறது என்றால், அந்தக் கூறு புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்காவது அதிகமாகக் காணப்பட வேண்டும். அத்தனை பெரிய ஒன்று இத்தனை பேர் கண்ணிலும் படாமல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். இல்லாததை இல்லை என்று நிரூபிக்க அவர்கள் முயலவில்லை. இருந்தால் அது எவ்வளவு பெரியதாக இருந்தாக வேண்டும் என்று அளவு சொன்னார்கள்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக கைலர் ஹாமண்ட் நடத்திய ஆய்வு 1959இல் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் பேர். அதிலிருந்து மிகுதியாகப் புகைக்கும் ஆண் ஒருவர், புகைத்தே அறியாத ஆண் ஒருவர் என்று 36,975 ஜோடிகள் சேர்த்தார். வயது மட்டும் ஒத்தால் போதாது. எந்த நாட்டில் பிறந்தவர், ஊரா நகரமா, வேலையில் தூசியும் புகையும் உண்டா, எவ்வளவு படித்தவர், மதம் என்ன, கல்யாணம் ஆனவரா, குடிப்பாரா, எத்தனை மணி நேரம் தூங்குகிறார், உடற்பயிற்சி செய்கிறாரா, படபடப்புக்காரரா, ரத்தக்கொதிப்பு வந்ததுண்டா என்று எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த நாளில் இதைச் செய்திருக்கிறார்கள். ஜோடியில் ஒருவர் மட்டும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவை 122. அதில் 110 ஜோடிகளில் இறந்தவர் புகைத்தவர். 12 ஜோடிகளில் புகைக்காதவர். பின்னாளில் பால் ரோசன்பாம் இதே ஜோடிகளை எடுத்துக் கார்ன்ஃபீல்டின் கேள்வியைக் கூர்மையாக்கினார். எல்லா விதத்திலும் ஒத்துப்போகும் இந்த இருவரில் ஒருவரைச் சிகரெட்டின் பக்கம் ஆறு மடங்கு தள்ளுகிற, அதோடு புற்றுநோயையும் ஏறக்குறையத் தவறாமல் கொண்டுவருகிற ஏதோ ஒன்று இருந்தால்தான் இந்த முடிவு ஆட்டம் காணும் என்று கணக்கிட்டார். நான் செய்யும் சிறிய ஆய்வுகளில் ஒன்றரை மடங்கிலேயே ஆட்டம் கண்டுவிடும். அதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

பத்து லட்சம் பேர் இருந்ததால் ஹாமண்டால் அத்தனை அம்சங்களையும் ஒப்பவைக்க முடிந்தது. சிறிய இடத்தில் முடியாது. இருபது அம்சம், ஒவ்வொன்றிலும் ஆம், இல்லை என்று இரண்டே நிலை என்றாலும் பத்து லட்சத்துக்கு மேல் பெட்டிகள் வந்துவிடும். நம்மிடம் இருப்பதோ முந்நூறு, நானூறு கேஸ் ஷீட். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வழி காட்டியது 1983இல் ரோசன்பாமும் டொனால்டு ரூபினும் எழுதிய கட்டுரை. ரூபின் காக்ரனின் மாணவர், ரோசன்பாம் ரூபினின் மாணவர். மூன்று தலைமுறையும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ப்ராபென்சிட்டி ஸ்கோர் என்று அவர்கள் பெயர் வைத்ததை நான் வகுப்பில் சாய்வெண் என்று சொல்லிக்கொடுப்பேன். ஒருவரைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் கொண்டு, இவருக்கு இந்தச் சிகிச்சை போய்ச் சேர்ந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரே எண்ணாக்குவது.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. ஜோத்ஸ்னா ஜாலனும் மார்ட்டின் ரவாலியனும் கிராமத்துக் குழாய்த் தண்ணீர் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். 1993-94இல் 16 மாநிலங்களில் 1,765 கிராமங்களில் எடுத்த சர்வே, 33,000 குடும்பங்கள். குழாய் யார் வீட்டுக்கு வரும்? ரோடு வந்த ஊருக்கு, பள்ளிக்கூடம் உள்ள ஊருக்கு, நிலம் உள்ள வீட்டுக்கு, செல்வாக்குள்ள தெருவுக்கு. அந்த வீட்டுக் குழந்தை குழாய் இல்லாமலே கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் வந்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, வாய்ப்பு சமமாக இருந்தும் குழாய் வராமல் போன வீட்டைத் தேடிப்பிடித்து இணை சேர்த்தார்கள். அப்படிப் பார்த்ததில் குழாய் வந்த வீடுகளில் வயிற்றுப்போக்கு குறைவாகவே இருந்தது. ஆனால் ஏழை வீடுகளில், அதிலும் தாய் அதிகம் படிக்காத வீடுகளில், அந்தப் பலன் பெரும்பாலும் குழந்தைவரை போய்ச் சேரவில்லை. குழாய் ஒன்றுதான், அதிலிருந்து பிடித்த தண்ணீரைக் காய்ச்சவும் மூடி வைக்கவும் விறகும் நேரமும் அறிவும் வேண்டியிருக்கிறதே.

சாய்வெண்ணில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள். எண் ஒத்துப்போன இருவர் ஆளாக ஒத்துப்போக வேண்டியதில்லை. வயது கூடி, புண் சிறியதாக உள்ள ஒருவருக்கும், வயது குறைந்து, புண் பெரியதாக உள்ள ஒருவருக்கும் ஒரே எண் வரலாம். கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கையில் இரு பக்கமும் சமமாகும் என்பதுதான் அந்த எண் தரும் உறுதி. ஜாதகம் பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்றாலும் ரஜ்ஜு தட்டினால் பல வீடுகளில் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். கிட்னி கெட்டவருக்குக் கிட்னி கெட்டவரைத்தான் சேர்ப்பது, அதில் விட்டுக்கொடுப்பதில்லை. மற்றவற்றைச் சாய்வெண்ணிடம் விடுவது. இரண்டு எண்ணுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வரை பொறுக்கலாம் என்ற வரம்புக்குக் காலிப்பர் என்று பெயர், லேத் பட்டறையில் கனம் பார்க்கும் அதே கருவியின் பெயர். வரம்பை இறுக்கினால் ஜோடி அச்சாக இருக்கும், ஆனால் பலருக்கு ஜோடியே இருக்காது.

எல்லாம் ஒத்தும் மோசம் போன கதையையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயநோய் குறைகிறது என்று அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வும், அதுபோன்ற வேறு ஆய்வுகளும் சொல்லிவந்தன. வயது, எடை, புகை எல்லாவற்றையும் ஒப்பவைத்துத்தான் சொன்னார்கள். பிறகு 16,608 பெண்களிடம் திருவுளச்சீட்டு முறையில் ஒரு சோதனை நடந்தது. 2002இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் இதயநோய் 29 சதவீதம் கூடுதலாக இருந்தது. வசதியும் உடம்பைப் பேணும் பழக்கமும் உள்ளவர்களே மாத்திரையை நாடினார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. செவிலியர் ஆய்வில் மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கணக்கில் இருந்தார்கள். அதாவது தொடங்கிய புதிதில் வரும் ஆபத்தைத் தாண்டி வந்தவர்கள். பின்னர் அதே செவிலியர் தரவை, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, சோதனையைப் போலவே அமைத்துப் பார்த்தபோது முரண்பாட்டில் பெரும்பகுதி கரைந்துபோனது. யாரை யாரோடு என்று மட்டும் கேட்டவர்கள், எந்த நாளிலிருந்து என்று கேட்க மறந்திருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் ரெக்கார்டு ரூம் வேலையில் ஒரு மாற்றம் செய்தேன். ஒருவருக்கு ஐந்தாம் நாள் வேக்கம் போட்டார்கள் என்றால், அந்த ஐந்து நாளும் அவர் கால் இருந்திருக்கிறது. ஆகவே அவருக்கு இணையும் சேர்ந்த ஐந்தாம் நாள் அதே வார்டில் காலோடு படுத்திருந்தவராக இருக்க வேண்டும். இரண்டாம் நாளே கால் எடுக்கப்பட்டவரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால் அது அநியாயம். சேர்த்து வைத்திருந்த ஜோடிகளில் பலவற்றைப் பிரித்தோம். அண்ணா ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடியும் ஏணியில் ஏறினார்.

இன்னொரு ஏற்பாடு முதல் நாளே செய்திருந்தோம். கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி. கால் நின்றதா போனதா என்பது அதில்தான் இருக்கும். இணை தேடும்போது அது என் கண்ணில் படக் கூடாது. பட்டால், எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் கை ஒரு பக்கம் போகும். பிடித்த முடிவுக்குத் தோதான இணை கொஞ்சம் சீக்கிரமாகக் கிடைத்துவிடும். ரூபின் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான்: ஜோடி சேர்த்து முடிக்கும்வரை முடிவைப் பார்க்காதே. அதனால் என்னிடம் தருவதற்கு முன்பு அண்ணா ஒவ்வொரு ஷீட்டிலும் கடைசிப் பக்கத்தின்மேல் பிரவுன் பேப்பரை வைத்து இரண்டு பின் அடித்துவிடுவார். ஓரம் பிசிறில்லாமல், மேலே ஒன்று கீழே ஒன்று.

கடைசியில் வேக்கம் போட்டவர்களில் ஒன்பது பேருக்கு இணை கிடைக்கவில்லை. இத்தகையவர்களைக் கணக்கிலிருந்து விடுவதுதான் பொதுவான வழக்கம். வழக்கம்தான் என்றாலும் அதற்கும் விலை உண்டு என்று ரோசன்பாமும் ரூபினும் 1985இலேயே எழுதியிருக்கிறார்கள்: இணை கிடைக்காதவர்களை விட்ட பிறகு வரும் விடை, முதலில் யாருக்காகக் கேள்வி கேட்டோமோ அவர்களுக்கான விடையாக இருக்காது. விடப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பவர்கள். மிக மோசமான புண், மிக இளம் வயது, கூட நாலு நோய். இவருக்கு வேக்கம் போடாமல் விட்டிருக்கவே மாட்டார்கள் என்னும்படியானவர்கள். அதனால்தான் போடாதவர்களில் அவர்களைப் போல ஒருவர் இல்லை. ஒன்பது பேரையும் தனி அட்டவணையாக எழுதி, இவர்களைப் போன்றவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டேன்.

அந்த ஒன்பதில் ஒன்று முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுடையது. சிறு வயதிலிருந்தே இன்சுலின். நெசவு வேலை என்று எழுதியிருந்தது. குதிகாலில் புண், ஆறாம் நாள் வேக்கம். சேர்க்கையின்போது உடன் வந்தவர் என்ற இடத்தில் "மகள்" என்று எழுதி, வயது 11 என்று போட்டிருந்தார்கள். அந்தக் கேஸ் ஷீட்டை நான் நான்கு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். நாற்பது வயதுக்குக் கீழே வேக்கம் போடாத பெண் ஒருவர்கூட இல்லை. ஒன்பதையும் ஒரு கட்டாகக் கட்டி அண்ணாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே என் நாற்காலிக்கு எதிரில் ஒரு கேஸ் ஷீட் இருந்தது. அண்ணா ஏணிப் பக்கம் நின்றிருந்தார்.

"அந்த நெசவுக்காரம்மாவுக்கு ஒண்ணு கிடைச்சிருக்குங்க மேடம். பழைய கட்டுல மாத்தி வெச்சிருந்துச்சு."

எடுத்துப் பார்த்தேன். பெண், முப்பத்தாறு வயது, இன்சுலின், குதிகால், சாதாரணக் கட்டு. கிட்னியும் ஒத்துப்போனது. ஆறாம் நாள் காலோடு வார்டில் இருந்திருக்கிறார். எல்லாம் அமைந்திருந்தது.

"நல்லா இருக்கும்ங்க மேடம், சேர்த்துக்கலாம். இந்தப் புள்ளைக்குக் காலு தப்பிச்சிருச்சுங்க" என்றார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பிரவுன் பேப்பர் இருந்தது. மேலே ஒரு பின், கீழே ஒரு பின், ஓரம் பிசிறில்லாமல். பின்னுக்குப் பக்கத்தில், அதற்கு முன்பு அடித்துப் பிரித்த பின்னின் இரண்டு துளைகள்.

"இதை எடுத்த இடத்துலயே வெச்சிருங்கண்ணா" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு, அந்தக் கட்டு எந்த வருஷத்து அலமாரி என்று சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு ஏணியை நகர்த்தினார்.